ஆத்தாவின் கொறங்காடு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கிளுவை வேலி சூழ்ந்த காடுகள், உள்ளே முழங்கால் அளவு புல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்தாற்போல வெள்வேல மரங்கள். மரத்தடியில் நாலு ஆடு, ஒரு பசு. மேய்ப்பவர் எவரும் கண்ணில் படுவதில்லை. சும்மா கிடக்கிற தரிசு என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிக் கொள்வார்கள். அது தரிசு அல்ல. அதற்குக் கொறங்காடு என்று பெயர். மழை குறைந்த அந்தப் பூமியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அதுதான்.

என் பெரியம்மா அப்படியொரு கொறங்காட்டின் ஓரத்தில் ஐம்பத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார். வயது 71. மகன் வயிற்றுப் பேரன் பேத்திகளுக்கு அவர் 'ஆத்தா'. மகள் வயிற்றுப் பேத்திக்கு 'அம்மாயி'. "எழுதறதுன்னா எழுதிக்க சாமி, ஊரையும் பேரையும் போட்றாதே" என்று கேட்டுக் கொண்டார். ஆகவே நானும் ஆத்தா என்றே குறிப்பிடுகிறேன். சென்ற ஆடி நோம்பிக்குப் போய் நான்கு நாள் தங்கியிருந்தபோது கண்டதையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வீட்டில் ஒரே உலையில் ஒன்பது பேர் சாப்பிடுகிறார்கள். ஆத்தா, மூத்த மகன், மருமகள், அவர்கள் பிள்ளைகள் இருவர் (பெண் ஒன்பதாவது, பையன் ஆறாவது). சின்ன மகனும் அவன் மனைவியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போய்விட்டால் வாடகை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆகவே மூன்றாவது படிக்கும் பெண்ணும் நான்கு வயதுப் பையனும் ஆத்தாவிடம். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளின் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். இங்கிருந்து பள்ளிக்கு நேர் பேருந்து இருப்பதால் அவளும் இங்கேதான். ஒன்பதாவது ஆள் ஆத்தாவின் கொழுந்தனார். கல்யாணம் செய்து கொள்ளாதவர், பேச்சு குறைவு, கிணற்றடியே கதி.

பூமி மொத்தம் 4 ஏக்கர் 40 சென்ட். கிணற்றுப் பாசனம் ஒரு ஏக்கர் சொச்சம், மானாவாரி ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, மீதி இரண்டு ஏக்கர் கொறங்காடு.

விடிவதற்கு முன்னே

நாலரை மணிக்கு ஆத்தா எழுந்து விடுகிறார். முழங்கால் வலி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். வாசல் தெளித்து முடிப்பதற்குள் மருமகள் கலப்பினப் பசுவைக் கறந்து விடுவார். அந்தப் பால் சங்கத்துக்கு. காங்கேயப் பசு மட்டும் ஆத்தாவின் பொறுப்பு. வேறு யார் போய் உட்கார்ந்தாலும் அது கால் வீசும். வேளைக்கு ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை. பாலுக்காக வளர்க்கும் மாடல்ல அது. ஆனால் பிள்ளைகளுக்குக் காபியும் மோரும் அந்தப் பாலில்தான்.

அந்தப் பசுவின் கன்று பிறந்தபோது செந்நிறமாக இருந்தது. மாதங்கள் போகப் போகச் சாம்பல் நிறத்துக்கு மாறிக் கொண்டிருக்கிறது. காங்கேய இனத்துக்கே உரிய குணம் இது. சின்னப் பையனோ, "ஆத்தா, கன்னுக்குட்டி சாயம் போகுது" என்று திருப்பூர்க்காரன் மாதிரியே சொன்னானாம். அதைச் சொல்லிச் சொல்லி ஆத்தா சிரிக்கிறார்.

காலைச் சமையல் முன்போல் பாரமில்லை. அரசு தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி 2022-ல் தொடங்கி 2023-ல் மாநிலம் முழுவதும் விரிந்த பிறகு, மூன்றாவது படிக்கும் பேத்தி பள்ளியிலேயே சாப்பிட்டு விடுகிறாள். 1982-ல் சத்துணவு விரிவாக்கப்பட்டபோது இவளுடைய பெரியப்பனுக்கு ஏழு வயது. "அவனுக்கு மத்தியானச் சோறு, இவளுக்குக் காலைச் சோறு" என்று ஆத்தா கணக்குச் சொல்கிறார்.

வீட்டில் வேலையில்லாத பிள்ளை என்று யாரும் கிடையாது. ஒன்பதாவது படிப்பவளுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்பும் வேலை. ஆறாவது படிப்பவனுக்குப் பட்டி கூட்டுவது. மூன்றாவது படிப்பவளுக்குக் கோழி. நான்கு வயதுப் பையனுக்கு முட்டை எண்ணுவது. அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் பத்து, அப்புறம் இன்னொரு நாலு என்பான். அது போதும்.

கோழியில் கற்ற பாடம்

அடை வைப்பதில் ஆத்தா கெட்டிக்காரர். ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்க மாட்டார். ஒரு வாரத்துக்கு மேல் பழகிய முட்டை, கோணல் முட்டை, மெல்லிய ஓட்டு முட்டை எல்லாம் குழம்புக்கு. கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டையோடு ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போடுவார். இடிக்கு முட்டை கெடாது என்பது அவர் நம்பிக்கை. இருந்துவிட்டுப் போகட்டும், ஆணியால் கெடுதல் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் இரவு பேரன் செல்போன் விளக்கை முட்டைக்கு அடியில் பிடிப்பான். உள்ளே சிலந்தி வலை போல் இரத்த நரம்பு ஓடினால் கரு பிடித்தது. தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு.

ஆனால் வெள்ளைக்கழிச்சலிடம் ஆத்தாவின் கைவைத்தியம் தோற்றது. மூன்று வருடத்துக்கு முன் கோடையில் ஒரே வாரத்தில் இருபத்தெட்டு கோழிகள் போயின. பூண்டும் மஞ்சளும் வெங்காயமும் அரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கழுத்து திருகிக்கொண்டு ஒவ்வொன்றாய் விழுந்தன. நோய் வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பதுதான் வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறையினர் கோடைக்கு முன்பாக இலவச முகாம் நடத்துகிறார்கள். நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை, நல்ல கோழிக்கே போட வேண்டும்.

இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்பதாவது படிக்கும் பேத்தி. பால் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துவிட்டு வந்தாளாம். இப்போது வருடம் தவறாமல் கூடையோடு முகாமுக்குப் போகிறார்கள். "எனக்குத் தெரியாததை எம்பேத்தி படிச்சுச் சொல்றா" என்று சொல்வதில் ஆத்தாவுக்குக் கூச்சமே இல்லை.

விதைப் பானை

சமையலறைப் பரணில் வரிசையாகப் பானைகள். தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, அவரை, தீவனச் சோளம் எல்லாம் சொந்த விதை. விட்டத்தில் பீர்க்கும் சுரையும் முழுக்காயாகவே காய்ந்து தொங்குகின்றன. கொடியில் நல்ல காயாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டி விடுவார். அதைப் பறித்தால் யாராயிருந்தாலும் வசவுதான்.

துவரைக்கு மட்டும் தனி முறை. செம்மண்ணைக் கூழாகக் கரைத்து விதையில் பிசறி, நன்றாக வெயிலில் உலர்த்தி வைக்கிறார். வண்டு எளிதில் அணுகுவதில்லை. மற்றவற்றுக்கு அடுப்புச் சாம்பலும் நொச்சி இலையும். காய்ந்ததா என்று பார்க்கப் பல்லில் கடிக்க வேண்டும். 'கடக்' என்று உடைய வேண்டும். பல் பதிந்தால் இன்னும் ஒரு வெயில்.

சென்ற வருடம் ஆறாவது படிக்கும் பேரன் ஒரு தப்புச் செய்தான். வெயிலில் காய்ந்த தட்டைப்பயறைச் சூட்டோடு வாரி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டான். உள்ளே வியர்த்து, பூசணம் பிடித்து விட்டது. ஆத்தா திட்டவில்லை. இருபது விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, நாலாம் நாள் அவனையே பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஏழுதான் முளைத்திருந்தது. பானையில் இருந்த விதையிலும் இருபது வைத்தார்கள். பதினெட்டு முளைத்தது. இப்போது அந்தப் பையன் விதை வேலைக்கு யாரையும் விடுவதில்லை. களத்தில் காய்ந்த விதையை நிழலில் பரப்பிச் சூடு ஆறிய பின்பே பானைக்கு எடுத்துப் போகிறான். விதைப்புக்கு முன் இருபது விதை எண்ணி முளைப்புப் பார்ப்பதை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் செய்யலாம். செலவு ஒரு சாக்குத் துண்டு.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லும்போது ஆத்தாவின் குரல் இன்னும் இறங்குகிறது. களைக்கொல்லி மீந்ததைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மாட்டுக் கொட்டகைச் சந்தில் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சின்னவன் மூடியைத் திருகிவிட்டான். வாய்க்குப் போகுமுன் ஆத்தா பார்த்துத் தட்டிவிட்டார். அன்று மாலையே பழைய மரப்பெட்டிக்குப் பூட்டு வாங்கி, மருந்து எல்லாவற்றையும் அதில் வைத்தார்கள். சாவி கொழுந்தனாரின் அரைஞாணில். மருந்தை அது வந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும். தப்பித் தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது. 108-க்குச் சொல்லிவிட்டு, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.

புல்லில் என்ன வருகிறது?

மதியத்துக்குமேல் ஆத்தா கொறங்காட்டுக்குப் போகிறார். பள்ளியில்லாத நாளானால் பிள்ளைகளும் கூட. இரண்டு ஏக்கரும் கிளுவை வேலியால் மூன்று பாத்தியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் மேய்ந்தால் மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும். கொழுக்கட்டைப் புல் காய்ந்தாலும் சாகாது. ஒரு மழைக்குத் தூர் விட்டுவிடும். கோடையில் புல் இல்லாதபோது வெள்வேலங்காய் உதிரும். ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்னும். விதை புழுக்கையோடு விழுந்து மழையில் முளைக்கும். மரம் நட ஆள் வேண்டாம், ஆடே நட்டுவிடுகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை ஒரு பாத்தியை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடி புல்லுக்கு விடுவார்கள். வேலியில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பெரிய வேலை. மழைக் காலத்தில் கிளுவைப் போத்து வெட்டி இடைவெளியில் ஊன்றிவிட்டால் அது தழைத்து வேலியாகிவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் காலத்தில் பேர் பெற்ற காங்கேயம் காளைகள் எல்லாம் இந்தப் புல்லில் வளர்ந்தவைதான்.

இந்தக் காட்டை வைத்துத்தான் வீட்டில் மனத்தாங்கல் வந்தது.

பெரியப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அன்று முதல் பட்டா அவர் பெயரிலேயே கிடந்தது. பி.எம். கிசான் தவணையும் அவரோடு நின்றது. பயிர்க் கடன் கேட்டுப் போன மூத்த மகனைப் பட்டாவை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். "பாத்துக்கலாம்" என்று காலம் ஓடிற்று. சென்ற தை மாதம் ஒரு தரகர் வந்தார். சாலையோரம் என்பதால் கொறங்காட்டுக்கு நல்ல விலை சொன்னார். சின்ன மகனுக்குத் திருப்பூரில் ஒரு வீட்டு மனை வாங்க வேண்டும். வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டான். அதில் தப்புச் சொல்ல முடியாது. "ஆளுக்குப் பாதி. என் பாதிக்குக் கொறங்காட்டைக் கொடுத்திருங்க. அதுல என்ன வருது, வெறும் புல்லு" என்றான்.

வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போனபோதுதான் ஆத்தாவுக்கே ஒரு விஷயம் தெரிந்தது. பூமி பெரியப்பா சொந்த உழைப்பில் கிரயம் வாங்கியது. உயில் எதுவும் எழுதவில்லை. 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இத்தகைய சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே அவர் முன்பே காலமாகிவிட்டார். ஆக நாலு பங்கு. பங்குக்கு 1 ஏக்கர் 10 சென்ட். மகளுக்குப் பங்கு என்பது 1989-ல் தமிழகத்திலும் 2005-ல் நாடு முழுவதும் வந்த சட்டத்தால்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தகப்பன் தானாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் 1956 முதலே மகளுக்குப் பங்கு உண்டு. விதவைத் தாய்க்குச் சோறு மட்டும்தான் பாத்தியம் என்று இன்றைக்கும் ஊருக்கு ஊர் பேசிக் கொண்டிருக்கிறார்கள். விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடுவதும் நடக்கிறது. படிக்காமல் எந்தத் தாயும் அதில் கை வைக்கக் கூடாது.

ஆத்தா கை வைக்கவில்லை. "என்ற பங்கு கொறங்காட்டுல இருக்கட்டும். நாஞ்செத்தப்புறம் வித்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மகளும் அம்மா பக்கம். வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை.

அப்போது பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி ஒரு நோட்டை எடுத்து வந்தாள். வணிகவியல் பிரிவு. பழக்கத்துக்காக ஒரு வருடமாக அம்மாயியின் வரவு செலவை எழுதி வந்திருக்கிறாள். முன்பெல்லாம் அந்தக் கணக்கு முந்தானை முடிச்சில்தான் இருக்கும். இப்போது தாளில் இருந்தது. ஒன்பது செம்மறித் தாய் ஆடுகள். வருடத்தில் எட்டுக் குட்டி விற்றதில் ரூ.52,400. காளைக் கன்று ஒன்று ரூ.18,000. பட்டி எருவை வெளியே விற்கவில்லை, கிணற்றுப் பாசனக் காட்டுக்கே போயிற்று. குடற்புழு மருந்து, கோடையில் வாங்கிய சோளத்தட்டு, உப்புக்கட்டி எல்லாம் சேர்த்துச் செலவு ரூ.11,250. உழவு இல்லை, உரம் இல்லை, கூலி இல்லை.

சின்ன மகன் நோட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தானாம். பிறகு, "அவங்கம்மா பங்குக்குத்தானே கணக்கு எழுதறா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தப் பெண் அன்று இரவு சாப்பிடவில்லை. இதை என்னிடம் சொன்னபோது ஆத்தா, கணக்கில் பிழை இருந்தால் சொல்லியிருப்பானே என்றார். பிழை இல்லை.

ஆனாலும் அவன் பக்கத்து நியாயமும் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. வருடத்துக்கு அறுபதாயிரம் நாலு பங்காகப் பிரிந்தால் கைக்கு வருவது என்ன? அதை வைத்துத் திருப்பூரில் வாசல்படி கூட வாங்க முடியாது. அந்த எட்டுக் குட்டியையும் வளர்த்தது ஆத்தாவின் முழங்கால். அதற்கும் நோட்டில் கூலி எழுதவில்லை. நான் இதைச் சொன்னபோது ஆத்தா மறுக்கவில்லை. "அதனாலதான் மூணு வருசத்துக்கு என்ற பங்குப் பணமும் அவனுக்கேன்னு சொல்லி உட்டிருக்கறேன். புள்ளைகளை வேற வளத்திக் குடுக்கறேன்" என்றார்.

பங்குனியில் இ-சேவை மையம் மூலம் எழுதிப் போட்டு, இப்போது நாலு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா வந்துவிட்டது. பிரிவினை இன்னும் ஆகவில்லை. தரகர் இன்னும் போன் செய்கிறார். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சின்ன மகன் வரவில்லை. வழக்கமாக வருகிறவன்.

ஆடி நோம்பிக்கு வருவானா என்பதுதான் நான் போனபோது வீட்டில் இருந்த பேச்சு. சின்னவன் மட்டும் யாரிடமும் கேட்காமல் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆத்தா சந்தகைக்கு மாவு ஆட்டச் சொன்னார். ஒப்புட்டுக்குக் கடலைப்பருப்பு வேக வைத்தார். அளவு பதினொரு பேருக்கு.

மாலை ஆறு மணிப் பேருந்தில் புருசனும் பெண்சாதியும் வந்து இறங்கினார்கள். அண்ணனும் தம்பியும், "வா", "உம்" என்ற அளவோடு சரி. இருட்டுவதற்குள் சின்ன மகன் வேப்ப மரத்தில் தூரி கட்டினான். ஐந்து பிள்ளைகளும் ஆடினார்கள். அந்தப் பிளஸ் ஒன் பெண்ணையும், "ஏறு கண்ணு" என்று அவனேதான் கூப்பிட்டான். ஆத்தா திண்ணையில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பார்த்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஊருக்குப் புறப்பட வேண்டியவர்கள். ஏழு மணிக்குச் சின்னவன் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்தான். மேற்கு வேலியில் ஆடு புகுந்து சந்து விழுந்திருக்கிறது, ஆத்தாவால் குனிய முடியாது என்றான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் அரிவாளைக் கேட்டான். முந்தின வாரம் ஒரு மழை பெய்து மண் இளகியிருந்தது. மகன் போத்தைப் பிடித்துக்கொள்ள, தகப்பன் கடப்பாரையால் குழி போட்டு ஊன்றினான். ஏழு போத்து. சின்னவன் எண்ணிச் சொன்னான்.

பத்து மணிப் பேருந்துக்கு ஆத்தா ஒரு பையில் முட்டையும், சோளத்தட்டு வைத்துச் சுற்றி ஒரு சுரைக்காயும் கொடுத்தனுப்பினார். பத்திரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. "ஐப்பசி மழைக்கு முன்னால அந்தப் போத்துக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லும்மா" என்று மட்டும் ஏறும்போது சொன்னான்.